நான் ஆருக்கு அக்கா?

போன ஞாயிறு பாரிஸ் லா சப்பலில் ஒரு கடைக்குள் நின்றேன். மகளும் கூட வந்திருந்தாள். சார்செல்லில் எங்கள் வீட்டுப் பக்கமும் இப்போது தமிழ்க் கடைகள் உண்டு. ஆனாலும் பூசை முடிந்து இங்கே வந்து ஒரு சுற்றுச் சுற்றாவிட்டால் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இராது. ஓமம் ஒரு பைக்கற் எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே தெருவில் ஒரு பிள்ளை கூப்பிட்டது. "யம்மா! யம்மா!"

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கையில் ஓமத்தோடு வாசலுக்கு ஓடிவிட்டேன். முழங்கால் நோகுது என்று காலமை முழுக்க மகளிடம் முறையிட்டவள் நான். "அன்ரி, அதுக்குக் காசு குடுக்கேல்லை!" என்று கடைக்காரத் தம்பி பின்னாலே சத்தம் போட்டான். வெளியில் முக்காடு போட்ட ஒரு இளம் தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் ஒரு சின்னப் பெட்டை, சப்பாத்து நூல் அவிழ்ந்தபடி ஓடினது. அது தன்னுடைய தாயைக் கூப்பிட்டிருக்கிறது.

மகள் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "உங்களை இல்லை, அம்மா," என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் முகம் சுட்டது. ஓமத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

ஓமத்தில் எனக்கு ஒரு பலவீனம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வயிறு ஊதி இரவிரவாக அழுவாள். ஓமத்தண்ணி பருக்குவேன். விடியப்புறம் அவள் வாயை என் கழுத்தில் வைத்துக்கொண்டு நித்திரையாவாள். அந்த வாய் மணம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டுதான் நான் பிரான்சுக்கு வந்தேன். இவர் முன்னமே வந்துவிட்டார். ஏஜென்சிக்காரன் ஒரு ஆளைத்தான் கூட்டிப்போவேன் என்றான். பிள்ளையை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏறினேன். அவளுக்கு அப்போது பால்பல் விழத் தொடங்கியிருந்தது. இங்கே தங்க விசா கிடைத்ததும் கூப்பிடலாம் என்றார்கள். விசா கிடைக்கவில்லை.

லா சப்பலில் ஒரு அறை. இவரும் நானும், இவருடைய சிநேகிதர் ஒரு அஞ்சாறு பேரும். நடுவில் ஒரு சேலையைக் கட்டி எங்களுக்கு ஒரு பக்கம். எல்லாரும் நல்ல பெடியள்தான். ஆனால் அந்தக் கட்டடம் முழுக்க ஒரு குழந்தைச் சத்தம் கிடையாது. உங்களுக்கு அது பெரிய விசயமாகத் தெரியாமல் இருக்கலாம். நான் மாடிப்படியில் நின்று, எங்கேயாவது ஒரு பிள்ளை அழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன்.

கோவிலில் பிரெஞ்சு படிப்பித்த சிஸ்ரர்தான் ஒருநாள் கேட்டா. மெத்ரோ ரெயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிக் கிடக்கிறது, அதில் பலஸ்தீனப் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் வைக்கிறார்கள், குசினிக்கு ஆள் வேண்டும் என்று. லெபனானில் அகதி முகாமில் பிறந்து, அங்கேயே வளர்கிற பிள்ளைகளாம். விடுமுறைக்குக் கூட்டி வருகிறார்கள். அவர்களோடு விளையாட, பாட்டுச் சொல்லிக் கொடுக்க இத்தாலி, ஜேர்மனி, போலந்து என்று பல தேசத்து இளம் பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் வருகிறார்களாம். விசா இல்லாத எனக்குச் சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் தடை. சும்மா செய்வதை ஒருவரும் தடுக்கவில்லை.

இவர் சிரித்தார். "காசுக்கு வேலை இல்லையெண்டு அழுதனீ, இப்ப காசில்லாமல் வேலை செய்யப் போறியோ?"

"அறை வெக்கையாக் கிடக்கு," என்றேன். பிள்ளைகளின் சத்தம் கேட்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கம்.

முதல் நாளே எனக்கும் ஒரு மஞ்சள் ரீசேட் தந்தார்கள். முதுகில் ஏதோ எழுதியிருந்தது. இத்தாலிப் பெட்டை லூசியாவிடம் கையால் காட்டிக் கேட்டேன். உலக இளையோர் என்று போட்டிருக்கிறது என்று விளங்கப்படுத்திவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பது கடந்து, பாவாடைக்கு மேலே அந்த ரீசேட்டைப் போட்டு, கொண்டையும் கட்டிக்கொண்டு நான் உலக இளைஞர் ஆனேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவளுக்கு வேறு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. அது ஒன்றுதான்.

குசினியை விட்டு நான் வெளியே வருவதில்லை. உருளைக்கிழங்கு உரிப்பேன், சட்டி தேய்ப்பேன், யன்னலால் பார்ப்பேன். ஆரும் கதைத்தால் தலையை ஆட்டுவேன். என் கூச்சம் அப்படி. பிறகு ஜூலை பதினாலு வந்தது. பிரான்சுக்குப் பெருநாள். அன்றைக்குச் சண்டை விமானங்கள் வரிசையாகப் பறக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வெளியே வந்திருந்தேன், திடீரென்று வானம் கிழிகிற மாதிரி இரைச்சல். "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு நான் கரண்டியோடு மேசைக்குக் கீழே பாய்ந்தேன். பாய்ந்தால் அங்கே எனக்கு முன்னமே ஒரு பெட்டை. "யம்மா!" என்று கத்திக்கொண்டு என் மடிக்குள் தலையைப் புதைத்தது.

விமானம் போய்விட்டது. மேசைக்குக் கீழே முழுக்கப் பிள்ளைகளும் நானும். வெளியே நின்ற லூசியாவும் மற்றவர்களும் எங்களைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நல்ல பிள்ளைகள், பாவம். விமானம் என்றால் அண்ணாந்து கையாட்டிப் பழகினவர்கள்.

அந்தப் பெட்டையின் பெயர் ரீம். என் மகளை விட ஒரு வயது குறைவாக இருக்கும். அவளுடைய கை ஓமம் மணத்தது. பொய்யில்லை. பிள்ளைகள் லெபனானிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு காய்ந்த இலைத்தூள், பாணில் எண்ணெய் பூசி அதைத் தூவித் தின்பார்கள். ஓமம் மாதிரியே மணம். அன்றையிலிருந்து அவள் என் பின்னால்தான். நான் தலை பின்னிவிட்டால்தான் விளையாடப் போவாள். என்னைக் கூப்பிடுவது "யம்மா". தங்கள் பாசையில் தாயைத்தான் அப்படிக் கூப்பிடுகிறது என்று பிள்ளைகளோடு வந்த மனுசி சொன்னா. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை.

இனித்தான் கசெற் கதை. அப்போது யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை, கரண்டும் இல்லை. எழுதப் போனால் எனக்குப் பாதி எழுத்துப் பிழை. அதனால் கசெற்றில் கதைத்துப் பதிந்து, கொழும்புக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவோம். அது எப்படியோ கைமாறி ஊருக்குப் போகும். அங்கே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோ கரண்டில் அதைப் போட்டுக் கேட்பார்கள். நான் அதுவரை அனுப்பின கசெற் எல்லாம் ஒரே அழுகை. "பிள்ளை" என்று தொடங்குவேன், மிச்சம் மூக்குறிஞ்சல். ஊரிலிருந்து வந்த ஒரு பெடியனிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தா: "அழுது அனுப்ப வேண்டாமெண்டு சொல்லு. கேட்டுப்போட்டுப் பிள்ளை சாப்பிடுறாளில்லை. ஒருக்காலெண்டாலும் சிரிச்சுக் கதைக்கச் சொல்லு."

சிரித்துக் கதைக்க அந்த அறையில் எனக்கு ஏலாது. முகாமில் ஏலும் என்று நினைத்தேன். லூசியாவிடம் பாட்டுப் போடுகிற கசெற் றேடியோவை வாங்கிக்கொண்டு, கிழங்கு மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பிள்ளை, அம்மா கதைக்கிறன். அம்மா நல்லா இருக்கிறன். பெரியம்மாவைக் கரைச்சல்படுத்தாதை என்ன..." அந்த நேரம் கதவு திறந்தது. ரீம் முதுகில் ஏறி, அந்த மணக்கிற கையால் என் கண்ணைப் பொத்தினாள். "யம்மா! யம்மா!" நான் மூட்டையோடு சரிந்தேன். ஒரு கிழங்கு உருண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கி, மூச்சு முட்டுகிற சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சொன்னேன்: "பொறு பிள்ளை, பொறு. அம்மா அக்காவோடை கதைச்சு முடிச்சிட்டு வாறன்."

ரீமுக்கு என் மகள் அக்கா. எங்கள் வாய் அப்படித்தானே. தெருவில் போகிற பிள்ளையைக்கூட நாங்கள் வெறும் ஆளாக விடுவதில்லை, அக்கா, தங்கச்சி என்று ஒரு முறை வைத்துவிடுவோம். மனதில் ஒன்றும் இல்லை. லூசியா அதை முழுக்கப் போட்டுக் காட்டி, அழித்துத் திரும்பப் பதியவா என்று கையால் கேட்டாள். நான் என் சிரிப்பைக் கேட்டேன். என்னுடைய சிரிப்பு என்றே நம்ப முடியவில்லை. அக்கா கேட்டது இதைத்தானே என்று அப்படியே அனுப்பினேன்.

முகாம் முடிந்து ரீம் போகிற அன்று, மிச்சம் இருந்த இலைத்தூள் முழுக்க என் ரீசேட் நுனியில் கொட்டி, முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள்.

ஊரிலிருந்து பதில் கசெற் நத்தார்ப் பெருநாள் கழிந்து வந்தது. சைக்கிள் சங்கிலியின் கிறீச் சத்தம். அக்காவின் குரல், அத்தானின் குரல். மிதிக்கிறவன் களைத்தால் எல்லாருடைய குரலும் இழுபடும். கடைசியில் அக்கா சொல்கிறா: "கதையன் பிள்ளை. அம்மா கேப்பா எல்லே." சங்கிலிச் சத்தம் மட்டும். "கதையன்." திரும்பவும் சங்கிலி. அதற்குப் பிறகு மகளுடைய குரல், அழுகை இல்லை, ஒன்றும் இல்லை:

"நான் ஆருக்கு அக்கா?"

அதோடு ஆரோ நிற்பாட்டிவிட்டார்கள்.

அடுத்த கசெற்றில் நான் ஸ்நோ கொட்டினதைச் சொன்னேன். அவளுடைய கேள்விக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? வேறொரு பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு நான் சந்தோசமாக இருந்தேன் என்றா?

அடுத்த ஜூலையில் லூசியா எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் புது ரீசேட். "ரீம் வந்திருக்கு. யம்மா எங்கை, யம்மா எங்கை எண்டு கேக்குது," என்று எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் விளங்கப்படுத்தினாள். இவருக்குக் கடும் காய்ச்சல், வரமுடியாது என்றேன். இவர் சேலைக்குப் பின்னால் இருந்து நண்டுக் கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் பின்னேரம் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மெத்ரோப் பாலத்து இரும்புத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ரீம் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். வளர்ந்திருந்தாள். ஆரோ தெரியாத கை பின்னின தலை, ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. மேலே மெத்ரோ போனது. நான் தெருவைக் கடக்கவில்லை. கடந்தால் ஊரில் இருக்கிறவளுக்குத் துரோகம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், நிற்கிற பிள்ளையை நிற்கவிட்டு வந்ததில் ஊரில் இருக்கிறவளுக்கு என்ன கிடைத்தது?

மகள் வந்து சேர இன்னும் நாலு வருசம் பிடித்தது. வந்த அடுத்த நாள் சீப்பை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். "நானே பின்னுவன்," என்றாள். நல்லாகத்தான் பின்னினாள்.

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். கார் து நோர் ஸ்ரேசனில் ஏறி, ரெயிலில் எதிரெதிரே இருந்தோம். மகள் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "என்ரை தங்கச்சி இப்ப எங்கை இருப்பாள், அம்மா?"

"எந்தத் தங்கச்சி?" என்றேன், தெரியாத மாதிரி.

"நடிக்காதேங்கோ. ஓமத்தோடை ஓடினதைக் கண்டனான்தானே." பிறகு சொன்னாள்: "கசெற்றிலை அவள் யம்மா எண்டு கூப்பிடுற அந்த இடத்தைத்தான் நான் போட்டுப் போட்டுக் கேப்பன். பெரியம்மாவுக்குத் தெரியாமல் நானே சைக்கிள் மிதிச்சு. நாடா தேஞ்சுபோச்சு."

"ஏன் பிள்ளை? கோவத்திலையோ?"

"கோவந்தான். ஆனா அதிலை மட்டும்தானே நீங்கள் சிரிச்சனீங்கள்." போனை மடியில் வைத்தாள். "இஞ்சை வந்தாப்பிறகு அப்பிடிச் சிரிப்பியள் எண்டு பாத்தன். ஒருநாளும் காணேல்லை."

ரெயில் சென் தெனி தாண்டியது. ரீமுக்கும் இப்போது நாற்பது கடந்திருக்கும். செய்தியில் லெபனான் முகாம்களைக் காட்டும்போதெல்லாம் நான் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, தாய்மாரின் முகத்தைத்தான் பார்ப்பேன். லூசியாவின் விலாசம் தொலைந்துவிட்டது. மஞ்சள் ரீசேட் நிலம் துடைத்துக் கிழிந்துபோனது. நாங்கள் கசெற் வாங்கின கடையில் இப்போது போன் திருத்துகிறார்கள். என் சிரிப்பு இருந்த கசெற், அக்கா குடும்பம் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டதாம்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. ரெயிலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் ஒருக்கால் சிரித்துப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. அவள் எழும்பி வந்து பக்கத்தில் இருந்து, தண்ணிப் போத்தலைத் திறந்து தந்தாள்.