முத்துமீனா வைத்த பழைய கோப்பு

குழந்தை இறந்த இருபத்தைந்தாம் நாள், ஒரு திங்கட்கிழமை, முத்துமீனா வேலைக்குத் திரும்பினாள். போ என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. ஒத்தக்கடை வீட்டுக்குக் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் அழுதார்கள். இவளுக்கு அழுகை வரவில்லை. இவள் அழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர்கள் இன்னும் கூடுதலாக அழுதார்கள். அதற்கு ஆபீஸே தேவலை என்று தோன்றியது.

"உடம்பு இன்னும் தேறலையேத்தா," என்றாள் அம்மா சோணையம்மாள்.

"உக்காந்து பாக்குற வேலதானம்மா. போயிட்டு வாரேன்."

எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோன பெண் குழந்தை. 2006 ஜூலை இருபத்தொன்றாம் தேதி வெளியே எடுத்தார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. சோணையம்மாள் மல்லிகைப் பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். பத்து நாளில் பால் வற்றியது. அதற்கெல்லாம் முத்துமீனா வேறு யாருக்கோ நடப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் காட்டில் பருத்தி எடுத்து அவளைப் படிக்க வைத்தார்கள். அரசு விடுதியில் தங்கி எம்.சி.ஏ. முடித்தாள். சென்னைக்குப் போகவில்லை. சிம்மக்கல்லில் மொத்தக் காகிதக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் துளசிராம் என்பவர் நடத்திவந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். கணவன் பாண்டிராஜ் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

அன்று மாடியேறிப் போனபோது எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினார்கள். துளசிராம் எழுந்து வந்தார்.

"வாம்மா. மெதுவா பாரு. ஒண்ணும் அவசரமில்ல."

"என்ன சார் நின்னுக்கிட்டு இருக்கு?"

அவர் தயங்கினார். பிறகு சொன்னார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு இவர்கள் ஜாவாவில் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். பதினோரு ஊர்களில் ரத்தம் எடுப்பார்கள். தலைமை லேபில் சோதித்து முடிவை ஏற்றினால், மென்பொருள் அதை அந்தந்த ஊருக்கு அனுப்பிவிடும். லைன் கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பும். ஜூலை கடைசியில் அங்கே மின்சாரம் போய் சர்வர் நின்று திரும்ப ஏறியது. அதிலிருந்து சில ரிப்போர்ட்டுகள் போவதில்லை. எது போகவில்லை, ஏன் போகவில்லை என்று நடப்பதைப் பதிவுசெய்யும் லாக்கில் ஒரு வரிகூட இல்லை. மறுபடி அனுப்பும் பகுதியை எழுதியவள் வசுந்தரா. இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அவ எழுதுனதுலதான் தப்பு. கேட்டா 'என் மெஷின்ல ஓடுது சார்'ங்கிறா. லேப்காரங்க ஃபோன்ல கத்துறாங்க. அவளை அதுலருந்து எடுத்து மேனுவல் டைப் பண்ண உக்கார வச்சிட்டேன்."

வசுந்தரா மூலை மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"நான் பாக்குறேன் சார்," என்றாள் முத்துமீனா.

முதல் இரண்டு நாள் வசுந்தராவின் நிரலை வரிவரியாகப் படித்தாள். தப்பு எதுவும் தெரியவில்லை. தன் கணினியில் ஓட்டினாள். லைனைத் துண்டித்துப் பார்த்தாள். ஒழுங்காகக் காத்திருந்து, லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, மறுபடி அனுப்பியது. அப்படியானால் இங்கே இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். நாலு வாய் சாப்பிட்டு மூடினாள். பசி இருந்ததா என்று தெரியவில்லை.

புதன்கிழமை, லேபில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் சர்வரை நிறுத்தி ஏற்ற அனுமதி வாங்கி, சிம்மக்கல்லிலிருந்தே அதில் நுழைந்தாள். அந்த சர்வரைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், பிழைச் செய்திகளை எங்கும் எழுதாமல் தூக்கி எறியும்படி யாரோ எப்போதோ எழுதிவைத்தது. அதை மாற்றி ஒரு கோப்பில் சேரும்படி செய்தாள். ஜாவா தான் ஏற்றிக்கொள்ளும் கிளாஸ் என்ற ஒவ்வொரு நிரல் துண்டையும் எந்தக் கோப்பிலிருந்து எடுக்கிறது என்று எழுதிக் காட்டும் ஆப்ஷனையும் சேர்த்தாள். சர்வர் ஏறியது. ஆயிரக்கணக்கான வரிகள் வந்து விழுந்தன. அவற்றில் லாக் எழுதும் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பின் பெயரை மட்டும் தேடினாள்.

அது வசுந்தராவின் மென்பொருளோடு போன புதிய பிரதியிலிருந்து ஏறவில்லை. சர்வரில் ஓடும் எல்லா மென்பொருளுக்கும் பொதுவான ஃபோல்டர் ஒன்று உண்டு. அந்த ஃபோல்டரில் அதே லைப்ரரியின் பழைய பிரதி ஒன்று கிடந்தது. அந்த சர்வர் பொது ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அங்கே கிடைத்துவிட்டால் மென்பொருள் தன்னோடு கொண்டுவந்ததைப் பார்க்காது. வசுந்தரா பயன்படுத்திய ஒரு கட்டளை அந்தப் பழைய பிரதியில் கிடையாது. லைன் கிடைக்காதபோது, மறுபடி அனுப்புவதற்கு முன் மென்பொருள் லாக்கில் எழுதப் போகும். அந்தக் கட்டளை இல்லை என்று அந்த இடத்திலேயே வேலை விழுந்துவிடும். ரிப்போர்ட்டும் போகாது, அது விழுந்த செய்தியும் பதிவாகாது.

கோப்பின் தேதியைப் பார்த்தாள். ஜூலை 20, பகல் 11.42. வைத்தவர் பெயர் இருக்கும் இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

அவளுக்கு அது நினைவில்லை. மெயிலில் தேடினாள். அன்று 11.50க்கு அவள் துளசிராமுக்கு அனுப்பியது கிடைத்தது. 'லேபின் பில்லிங் மென்பொருளுக்குத் தேவையான லைப்ரரியைப் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டேன். அடுத்த முறை சர்வர் ஏறும்போது எடுத்துக்கொள்ளும்.'

அதைப் படித்த பிறகு அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காலையிலிருந்தே வயிற்றில் அசைவு இல்லை. பஸ்ஸில் வரும்போது கையை வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து உட்கார்ந்து வேலையை முடித்தாள். எந்தப் பிரதி புதியது, எது பழையது என்று பார்க்காமல் கைக்கு அகப்பட்டதை வைத்திருக்கிறாள்.

கீழே காகிதக் கடையில் வண்டியிலிருந்து கட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கோப்பைப் பொது ஃபோல்டரிலிருந்து எடுத்து, பில்லிங் மென்பொருளின் சொந்த ஃபோல்டருக்குள் வைத்தாள். சர்வரை இன்னொரு முறை ஏற்றினாள். தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

எழுந்து துளசிராமின் அறைக்குப் போனாள்.

"சார், ரிப்போர்ட் போகுது. வசுந்தரா மேல தப்பில்ல. பழைய லைப்ரரிய அங்க வச்சது நான்தான். ஜூலை இருபதாம் தேதி."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். தேதி அவருக்கு உடனே விளங்கியது.

"சரி விடும்மா. எடுத்தாச்சுல்ல. யாருக்கும் சொல்ல வேணாம். லேப்புக்கு சர்வர் பிரச்சினைன்னு எழுதிக்கிறேன்."

"வசுந்தராவுக்கு?"

"அவகிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன்."

"நானே சொல்றேன் சார்."

தன் மேசைக்கு வந்து, நடந்ததை ஏழு வரியில் எழுதி, ஆபீஸில் எல்லோருக்கும் அனுப்பினாள். லேப்காரர்களுக்கும் நகல் போட்டாள். அதன் பிறகுதான் வசுந்தராவிடம் போனாள். அவள் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"பதினெட்டு நாளாச்சுக்கா. வீட்டுல அப்பாகிட்ட வேலைய விட்டுறேன்னு சொல்லிட்டேன். எனக்கு வேல தெரியாதுன்னு நானே நம்பிட்டேன்."

"தெரியும் வசு. என் தப்புதான்."

"உங்க மேல கோவப்படக்கூட முடியலக்கா. கோவப்பட்டா எல்லாரும் என்னையத்தான் பேசுவாங்க. பிள்ளையப் பறிகொடுத்துட்டு வந்தவகிட்டப் போயான்னு."

"கோவப்படு," என்றாள் முத்துமீனா. "நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவள் சொன்ன விதத்தில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. வசுந்தரா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் வந்தாள். ஒரு மாதம்வரை வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர முத்துமீனாவிடம் எதுவும் பேசவில்லை. அது நியாயம்தான் என்று முத்துமீனா எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டிராஜ் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் போய் நின்றாள்.

"மாமா, அன்னைக்கிக் காலையிலேயே அசைவு இல்ல. நான் வேல பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் துணியைக் கீழே வைத்தான்.

"டாக்டரம்மா சொன்னாகல்ல? ரெண்டு நாளைக்கு முந்தியே முடிஞ்சிருச்சுன்னாக. நீ அன்னைக்கி ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"எனக்கு எப்ப சொன்னாக?"

"ஒனக்கு நேராத்தான் சொன்னாக. நீ தலையாட்டுன."

அதுவும் அவளுக்கு நினைவில்லை.

"பிள்ளைய எங்க வச்சீக?"

அதை அவள் அதுவரை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. உங்க ஊர்ல, ஓடைக்கு அங்கிட்டு, என்றான். அன்றே இருவரும் பஸ் பிடித்து டி. கல்லுப்பட்டியில் இறங்கி, அங்கிருந்து வண்டி மாறிப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. ஓடைக்கரையில் கருவேலங்காட்டைத் தாண்டி அவன் நடந்தான், அவள் பின்னால் நடந்தாள். ஓர் இடத்தில் நின்றான். அங்கும் இங்கும் பார்த்தான். நாலடி தள்ளிப் போய் நின்றான். பிறகு முதலில் நின்ற இடத்துக்கே வந்தான்.

"கல்லு வச்சிருந்தேன். மழையில தண்ணி இழுத்துருச்சு போல. இந்த எடம்தான். இல்லாட்டி அது."

அவன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மண் மற்ற மண்ணைப்போலவே இருந்தது. தனக்குள் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் கடையில் இருவரும் பரோட்டா சாப்பிட்டார்கள். அவள் மூன்று சாப்பிட்டாள். கல்லுப்பட்டியிலிருந்து மதுரைவரை ஜன்னலோரத்தில் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஒரு மாதமாக அவள் அப்படித் தூங்கியதில்லை.

வசுந்தரா வேலையை விடவில்லை. அடுத்த வருடம் லேப் வேலை முழுவதையும் துளசிராம் அவளிடமே கொடுத்தார். லைப்ரரி மோதல் என்று எந்த சர்வரில் எது வந்தாலும் முத்துமீனாவிடம் வந்தது. அவள் வந்து உட்கார்ந்து, எது எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் பார்ப்பாள். யார் வைத்தது என்று கேட்கமாட்டாள். அந்தக் கேள்வியை மற்றவர்கள் எழுப்பினால், "மொதல்ல எடுப்போம்," என்று மட்டும் சொல்வாள். 2008இல் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் கொடுத்தபோதும் அவள் அழவில்லை என்று சோணையம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்பட்டாள். நாலு மாதம் கழித்து, பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு சாதாரணக் காலையில், தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் நெடுநேரம் அழுதாள். சோணையம்மாள் பிள்ளையை வாங்கித் துவட்டினாள்.