நடந்து போகிறவர்களின் பாலம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்றரை மணிக்கு என் தம்பி கூப்பிடுவான். அவன் இருந்த இங்கிலாந்து நகரத்தில் அப்போது காலை பதினொரு மணி. வட்டவளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு ஏறினால்தான் படம் நிற்காமல் வரும். அம்மா மூன்று மணிக்கே முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் ஏறத் தொடங்கிவிடுவார்.

எப்போதும் அவன் ஒரே இடத்தில்தான் நிற்பான். ஆற்றுக்கு மேலே ஒரு பாலத்தின் நடுவில். ஒரு பக்கமாகச் சாய்ந்த வெள்ளை வளைவு, அதிலிருந்து இறங்குகிற கம்பிகள், பின்னால் பழைய தேவாலயத்தின் கோபுரம். பக்கத்தில் ஒரு சைக்கிள். பீலியில் துணி அலசிக்கொண்டிருக்கிற பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள்.

"ஏன்டா மகனே, அதுல லொறி போகாதா?" என்று ஒருநாள் பக்கத்து லயத்துப் பெரியம்மா கேட்டார்.

"லொறி, காரு எதுவுமே போகாது பெரியம்மா. நடக்குறவங்களும் சைக்கிள்காரங்களும் மட்டுந்தான்."

"நடக்குறவங்களுக்கா இம்புட்டுப் பெரிய பாலம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. நான் தோட்டத்துப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். கீழ் டிவிஷன் பிள்ளைகள் ஓடையைத் தாண்டி வர அங்கே போட்டிருப்பது இரண்டு மரக்கட்டைகள். மழை மாதங்களில் நானும் இன்னொரு டீச்சரும் இந்தக் கரையில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து இழுத்து எடுப்போம்.

ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கத்தான் தம்பி போனான். படித்துக்கொண்டே ஒரு ஹோட்டலில் ஆபீஸ் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தான். வேலைக்குப் போகும் வழியில்தான் இந்தப் பாலம் என்றும், தினமும் அதில் சைக்கிளில் போவதாகவும் சொன்னான். மூன்றாவது குளிர்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

"காத்து அடிக்குதுப்பா, தொப்பியப் போடு" என்றார் அம்மா.

"பாலத்து மேல காத்து அப்புடித்தாம்மா. ஒண்ணுமில்ல."

அடுத்த ஞாயிறும் அதே இருமல். அதற்கடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை வேறொருவர் கூப்பிட்டார். அவனோடு தங்கியிருந்த வலப்பனை ஊர்ப் பையன், சிங்களவர். நிமோனியா என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே நேரம் கடந்துவிட்டது என்றும் சிங்களத்தில் சொல்லிவிட்டு அழுதார். என் தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது.

பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அம்மா பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு எழுந்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அதற்குப் பிறகு பீலிக்கரைக்கு அவர் தண்ணீருக்கு மட்டும்தான் போனார்.

இரண்டு வருடங்கள் கழித்து ஆங்கில ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்கு என் பெயர் வந்தது. இரண்டு வாரம், அதே நாட்டில், வேறு ஊரில். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அங்கேருந்து அந்தப் பாலம் தூரமா?" என்று மட்டும் கேட்டார்.

"ரயில்ல மூணு மணித்தியாலம்மா."

"போயிட்டு வா. போயி எனக்குக் காட்டு."

பயிற்சியின் நடுவே வந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரயில் ஏறினேன். வலப்பனைத் தம்பி ஸ்டேஷனில் காத்திருந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியான ஆள். "அக்கே" என்று கூப்பிட்டுவிட்டு என் பையை வாங்கிக்கொண்டார். பழைய மதில் ஓரமாக நடந்து, ஆற்றங்கரைப் பாதையில் இறங்கிப் பாலத்துக்குப் போனோம். வழி முழுக்க நாங்கள் பேசியது சிங்களத்தில்.

போனில் பார்த்ததைவிடப் பாலம் அழகாக இருந்தது. அதுதான் என்னை முதலில் வருத்தியது. பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். கைப்பிடியோரமாக நீளத்துக்கும் உட்கார இடம் இருந்தது. ஒரு வயதான தம்பதி அங்கே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தபடி ரொட்டி தின்றார்கள். நான் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். எந்த இடத்தில் அவன் கை பட்டிருக்கும் என்று தெரியாததால் எல்லா இடத்தையும் தொட்டேன்.

"இங்கதான் நிப்பான்" என்று அவர் ஓரிடத்தைக் காட்டினார்.

"தினமும் இதுல போறப்ப உங்களையும் கூட்டிட்டுப் போவானா?" என்று கேட்டேன்.

அவர் என் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் திரும்பவும் கேட்டேன்.

"அக்கே, இது நாங்க வேலைக்குப் போற வழி இல்ல. எங்க ரூம் அந்தப் பக்கம், ரொம்பத் தூரம். ஞாயித்துக்கிழமை மட்டும் இங்க வருவோம், வீட்டுக்குப் பேச. ரூம்ல இருந்து பேசினா அம்மாமாருக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"ரூம் தெரிஞ்சிடும்."

"அப்ப அந்த சைக்கிள்?"

"அது யாருதோ. இங்க சாத்தி வெச்சிருப்பாங்க. அவன் பக்கத்துல போய் நிப்பான்."

ஆபீஸ் வேலையும் பொய். இருவரும் ஒரே சமையலறையில் சட்டி கழுவினார்கள். இருமலோடு மூன்று வாரம் கழுவியிருக்கிறான். லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறான். இதையெல்லாம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். காலுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அந்த வயதான அம்மா எழுந்து வந்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பதினொரு மணிக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா பீலிக்கரையில் நின்றார். பொட்டு வைத்திருந்தார். போனைப் பாலத்தின் பக்கம் திருப்பினேன்.

"எந்த எடத்துல நிப்பான்?" என்று அம்மா கேட்டார்.

வலப்பனைத் தம்பி அந்த இடத்தில் போய் நின்று காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அந்தத் தம்பி ஏன் இப்புடி எளச்சுக் கெடக்கு, ஒழுங்கா சாப்புடச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். பிறகு நடந்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தோம். இவ்வளவு தூரம் நடந்துதான் அவன் எங்களைப் பார்க்க வந்திருக்கிறான். ஒரு வீட்டின் பக்கவாட்டில் படிகள் நிலத்துக்குக் கீழே இறங்கின. உள்ளே நைட் வேலை முடிந்து ஆட்கள் தூங்குகிறார்கள் என்றார். வாசலில் நின்றே பார்த்தேன். ஐந்து பாய்கள். சுவரில் கறுப்பாக ஈரம் ஏறியிருந்தது. எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பரா இதைவிட நல்லது என்று தோன்றியது. கதவோரமாக இருந்த பாயைக் காட்டி, "அது அவனோடது. இப்ப நான் படுக்குறேன்" என்றார்.

ஊர் திரும்பி நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜன்னல் இருந்துச்சா?"

"மேல சின்னதா ஒண்ணு. ரோட்டுல போற ஆளுங்க காலுதான் தெரியும்."

அம்மா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், "அந்தத் தம்பியோட அம்மா வலப்பனையிலதான இருக்கு? போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

ஹட்டனுக்குப் போய், நுவரெலியாவுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அந்த வீட்டம்மா எங்களைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பாற்சோறு வைத்தார். பிறகு போனை எடுத்துத் தன் மகனின் படத்தைக் காட்டினார். பாலத்தின் நடுவில், கம்பிகளுக்கு முன்னால், ஒரு சைக்கிளுக்குப் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். தினமும் இந்தப் பாலத்தில்தான் வேலைக்குப் போகிறான் என்றார் அந்தத் தாய், சிங்களத்தில், பெருமையாக.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். கொழுந்து பறிக்கிற மலையில் அத்தனை வருடம் பக்கத்து ஊர்ப் பெண்களோடு பேசிய சிங்களம்.

"நல்ல பாலம்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

புறப்படும்போது வாசலில் நின்று அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க மகன் பேசும்போது இருமினா, காத்துன்னு சொன்னாலும் நம்பாதீங்க. அன்னைக்கே டொக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. வேல போனாப் போகுது, வீட்டுக்கு வந்துருன்னு சொல்லுங்க." அந்த அம்மாவின் முகம் மாறியது. என் அம்மாவை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கந்தப்பளை தாண்டும் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். தம்பி இறந்த நாளிலிருந்து அவர் சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. நான் தடுக்கவில்லை. நுவரெலியா வரும் வரை அழுதார்.