எர்த் பின்னை அறுத்தவன்

ராஜபாளையத்தில் மில் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆசிலாஸ்கோப் வாங்கினால் முதலில் சந்தனம், குங்குமம் வைப்போம். அடுத்து ஆக்சா பிளேடை எடுத்து, அதன் பிளக்கில் தடித்து நிற்கிற எர்த் பின்னை அறுத்துவிடுவோம். ஸ்கோப் வாங்கியிருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், "எர்த்த எடுத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நானும் அறுத்தேன். ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்பார்கள். ஊர் செய்வது சரியா என்று யோசிக்க அப்போதே எனக்குத் தெம்பில்லை. இப்போது கேட்கவே வேண்டாம்.

காரணம் இல்லாமல் யாரும் அறுப்பதில்லை. ஸ்கோப் என்பது கரண்ட் ஓடுகிற விதத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. அதன் வயர் நுனியில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அந்தக் கிளிப் கருவியின் இரும்பு உடம்போடும், உடம்பு எர்த்தோடும் சேர்ந்தது. வீட்டுக் கரண்ட் நேராக ஏறி நிற்கிற போர்டில் அதை மாட்டினால் டப்பென்று வெடித்து பிரேக்கர் விழுந்துவிடும். எர்த்தை எடுத்துவிட்டால் வெடிக்காது. வெடிக்காததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். கரண்ட் எங்கும் போயிருக்காது. கருவியின் உடம்பிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும்.

என் மனைவி இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள்தான். இருவரும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து கடையைத் திறப்போம். நுணுக்கமான சால்டரிங் எல்லாம் அவளுடைய வேலை. என் கைக்கு அவ்வளவு நிதானம் கிடையாது.

"ஸ்கோப்புல எர்த் இருக்கணும். போர்டுக்குப் போற கரண்டத்தான் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியா குடுக்கணும். எம்புட்டு தடவ சொல்ல?" என்பாள்.

"வாங்குவோம், வாங்குவோம்" என்பேன். லைனோடு நேரடித் தொடர்பில்லாமல் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற அந்த டிரான்ஸ்பார்மர் கடை வீதியில் கிடைக்காத பொருள் இல்லை. சொன்னால் சுற்றித் தருகிற ஆள் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஆனால் மேஜையில் இடம் ஒதுக்க வேண்டும், வயரிங்கை மாற்ற வேண்டும், அதற்கு ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். இதற்குச் சோம்பல் என்று பெயர். நான் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

அதற்குப் பதிலாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். போர்டுக்குக் கரண்ட் கொடுக்குமுன் "லைன்ல இருக்கு" என்று சத்தமாகச் சொல்வேன். அவள் உடனே கைகளை எடுத்துக்கொள்வாள். எங்கள் பாதுகாப்பு முழுவதும் என் வாயில் இருந்தது.

அன்று மத்தியானம் ஒரு மில்லின் எலக்ட்ரீஷியன் மூன்றாவது தடவையாகப் போன் செய்தார். "அண்ணாச்சி, மிஷினு நிக்கி. மேனேஜர் தல மேல நிக்காரு. செத்த நேரத்துல ஆயிருமா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஆயிரும், ஆயிரும்" என்றபடியே சுவிட்சைப் போட்டேன். வாய் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லவில்லை.

திரையில் கோடு சரியாக நிற்கவில்லை. வயர் லூசாக இருக்கிறதா என்று பார்க்க, வயர் ஸ்கோப்பில் சேர்கிற இரும்பு வளையத்தை அவள் வலது கையால் பிடித்தாள். இடது கை இரும்பு மேஜையில் இருந்தது. அந்த மேஜைக்கு மட்டும் நான் ஒழுங்காக எர்த் கொடுத்திருந்தேன். போர்டில் மாட்டியிருந்த கிளிப் வழியாக ஸ்கோப்பின் உடம்பில் ஏறியிருந்த கரண்ட், அவள் வழியாக மேஜையில் இறங்கியது.

ஷாக் அடித்தால் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். அவள் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் அவளைப் பார்க்கவே இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நடுங்கியது. "நல்லா அழுத்திப் பிடி" என்று சொன்னேன். இதை நான் சொன்னேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டூல் சரிந்த சத்தத்தில்தான் திரும்பினேன். சுவிட்சை அணைத்த வேகத்தில் அதன் மூடி உடைந்துவிட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இரண்டு விரல்கள் மட்டும் மரத்துப் போயிருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. எதில் அடித்தது என்று டாக்டர் கேட்டார். அவள் கட்டிலில் கண் விழித்துப் படுத்திருந்தாள். "மிக்சி சார், வீட்டு மிக்சி" என்றேன். இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறவன் வேறு என்ன சொல்வது? அவமானமாக இருந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாதி வழியில், "மிக்சின்னு சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாளே கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் செய்தேன். ஸ்கோப்புக்கு எர்த்தோடு புது பிளக், போர்டுக்குத் தனி டிரான்ஸ்பார்மர், கரண்ட் கசிந்தால் தானே விழுகிற பிரேக்கர். இத்தனை வருடம் முடியாமல் கிடந்த வேலை சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். ஸ்கோப்புக்கு எர்த், போர்டுக்கு டிரான்ஸ்பார்மர் என்று நான் விளக்கினேன். அவள் எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கே நான் புதிதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு மீட்டரை எடுத்து, பிளக்கின் எர்த்துக்கும் ஸ்கோப்பின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தாள். டிரான்ஸ்பார்மரின் இரண்டு பக்கங்களும் ஒட்டாமல் இருக்கின்றனவா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மீட்டரை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க மொதல்ல தொடுங்க" என்றாள்.

சுவிட்சைப் போட்டுவிட்டு அந்த இரும்பு வளையத்தைத் தொட்டேன். அவள் ஸ்கோப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று தோன்றிய பிறகு வந்து உட்கார்ந்தாள்.

இப்போதும் தினமும் காலையில் இப்படித்தான். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. போன வாரம் ஒரு நாள் எனக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. "ஏட்டி, அதான் எல்லாம் மாத்தியாச்சே. இன்னும் இந்த ஸ்கோப்பு மேல நம்பிக்கை வரலயா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஸ்கோப்ப நம்புறேன்" என்றாள்.

நான் கையை வைத்தேன்.