ஒரு சிட்டிகை சாம்பிராணி

ரோமாபுரி ராஜாக்கள் காலத்தில், ராஜாவின் சிலையைச் சாமியென்று கும்பிட்டு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் உயிர் தப்பலாம். மாட்டேன் என்ற வேதக்காரர்களை, அதாவது கிறிஸ்தவர்களை, சிங்கத்துக்குப் போட்டார்கள். அப்படி உயிரை விட்ட ஒரு வேதசாட்சியாக நானும் நடித்திருக்கிறேன், பிள்ளைகளே! ஐந்தாவது முடித்த லீவில், மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில்.

சிங்கம் என் மாமா. எங்கள் பக்கம் சிங்கத்தை யார் பார்த்தது? மாமாவுக்குத் தெரிந்தது புலிவேஷம். அதனால் அந்தச் சிங்கத்துக்கு உடம்பெல்லாம் கோடு. பிடரிக்குத் தேங்காய் நார்.

எனக்கு ஒரே வசனம்: "செத்தாலும் போடமாட்டேன்." ஒரு வாரம் அதையே கத்தி வீட்டில் எல்லோரையும் பேஜார் பண்ணினேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அன்றைக்குச் சேவகனாக வந்த சித்தப்பா தூபக்காலை நீட்டினார். "இன்னாடா, போடறியா, சிங்கத்த அவுத்து உடட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பின்னாலிருந்து உறுமினார். மாமாதான் என்று தெரியும். ஆனாலும் பயந்துவிட்டேன். சிட்டிகை என்ன, கிண்ணத்திலிருந்த சாம்பிராணி முழுவதையும் நெருப்பில் கொட்டிவிட்டேன். ஒரே புகை. சிங்கமே இருமியது. "அடப்பாவி, நான் இப்ப இன்னாத்தடா துன்றது?" என்று அது கேட்க, உத்திரமேரூரிலிருந்து வந்த மைக்செட் அதையும் ஊருக்கே சொன்னது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னால்தான் அவமானம் என்று ஓடிப்போய், "பயந்துட்டேன்பா" என்று அழுதேன்.

அவர் என்னை இறுக்கிக்கொண்டார். "பயந்தவனயும் சாமி பாத்துக்கினுதாண்டா கீறாரு" என்றார். அவர் குரல் ஏன் உடைந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூனில் நான் டவுன் ஹாஸ்டலில் சேர்ந்தேன். எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் நடத்தியது அது. வேதத்தில் சேர்ந்தவர்களுக்கு அப்போது அங்கே இடம் இல்லை. அப்பாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது.

வருஷங்கள் கழித்து, சர்டிபிகேட் தேடும்போது, அந்த விண்ணப்பத்தின் நகல் அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. மதம் என்ற இடத்தில் 'இந்து' என்று அவருடைய கோணல் எழுத்து. தேதி, நாடகத்துக்கு முந்தின வாரம்.

அன்றைக்கு உறுமலுக்குப் பயந்து சாம்பிராணி போட்டவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.