அக்கா காட்டிய வீடு

ரெயூனியன் தீவில் நாங்கள் இறங்கியபோது எங்களை அழைத்துப்போக அக்கா மட்டும்தான் வந்திருந்தாள். மாமாவைக் காணோம். முந்தின நாள் போனில்கூட, மாமாதான் கார் ஓட்டிக்கொண்டு வருவார் என்று சொன்னவள். கேட்டதற்கு, திடீரென்று பிரான்சுக்குப் போக வேண்டியதாகிவிட்டது, ஆபீஸ் வேலை என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் என் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்தாள்.

கடைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குச் சந்தேகம் கூடவே பிறந்துவிடுகிறது. செஞ்சி கடைத்தெருவில் நைனாவுக்குப் பாத்திரக்கடை. நானும் என் வீட்டுக்காரரும் அதே தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறோம். வளையல் விலை கேட்டுக்கொண்டே கூட வந்தவளுக்குக் கண் காட்டுகிற பெண்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். அக்காவோ பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாக்கப்பட்டு, கல்யாணமான வருஷமே இந்தத் தீவுக்கு வந்துவிட்டாள். கடலைப் பார்த்த வீடு, பக்கத்திலேயே வேலை, மாமா தங்கமானவர். போனில் இதையேதான் எப்போதும் சொல்வாள். நைனா பூரித்துப்போய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாறையெல்லாம் ராத்திரியிலும் அனல் கக்கும் மே மாதத்தில், பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பியதும் அவர் சொன்ன அந்த வீட்டைப் பார்க்கத்தான்.

வீடு சொன்னபடியே இருந்தது. வெள்ளை மரவீடு, கூரை ஓரமெல்லாம் லேஸ் வைத்துத் தைத்ததுபோல மரவேலைப்பாடு. வராந்தாவில் நின்றால் கடல் தெரியும். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு போட்டோ எடுத்தார். நான் அக்காவின் பின்னாலேயே அடுக்களைக்குப் போனேன். டீ போட வந்தவள் சர்க்கரை டப்பாவுக்காக மூன்று கதவுகளைத் திறந்து மூடினாள். அப்புறம் விளக்கைப் போடப் போய் மின்விசிறியைப் போட்டாள். புளி வாசனை இல்லை, கடுகு டப்பா இல்லை, சாமி படம் இல்லை. கூடத்துச் சுவரில் நான்கு இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே சுவர் சதுரம் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது.

படுக்கப்போகும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நீ லீவுக்கு வந்தியா, துப்பறிய வந்தியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அக்கா எங்களை வீட்டில் உட்காரவே விடவில்லை. காலையில் நீள நீளமான ரொட்டி வாங்கிவந்து, வெண்ணெய் தடவிக் கையில் கொடுத்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் காரில் ஏற்றிவிடுவாள். இடுப்பளவு ஆழத்தில் மீன்கள் காலைத் தொட்டுப்போகும் கடல், வெனிலாக் காய்களைக் கட்டுக்கட்டாய் விற்கும் சந்தை, ஆளுயரக் கரும்புக்கு நடுவே நம் ஊர்க் கோபுரத்தோடு நிற்கும் அம்மன் கோயில். கோயிலில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எனக்கு விபூதி கொடுத்து பிரெஞ்சில் ஏதோ விசாரித்தார். முகம் நம் தெருவில் பார்த்த முகம். ஒரு வார்த்தை தமிழ் இல்லை. திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிற மாசம் எது என்று கேட்கிறார், உங்கள் ஊரிலும் உண்டா என்கிறார் என்று அக்கா மொழிபெயர்த்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் மிதிப்பார்கள் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா சொன்னதைத்தான் அவர் கேட்டாரா என்று அப்போதும் எனக்கு ஒரு ஐயம் இருந்தது.

ஐயம் வலுத்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர். நாயைப் பிடித்துக்கொண்டு போன வெள்ளைக்காரக் கிழவர், வேலிக்கு அப்பால் நின்று அக்காவிடம் ஏதோ கேட்டார். ‘மதாம்’ என்ற சொல்லும் நான் கேட்டேயிராத ஒரு பெயரும் காதில் விழுந்தன. அக்கா அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பினாள். என்னவாம் என்றேன். மழை வருமா என்று கேட்டாராம். மழையைக் கேட்கிறவர் எதற்காக இரண்டு தடவை வீட்டைக் கைகாட்ட வேண்டும்?

அன்று மதியம் அக்கா குளிக்கப் போனபோது, பூட்டாமலிருந்த அலமாரி ஒன்றைத் திறந்தேன். உள்ளே பூப்போட்ட கவுன்கள், வெள்ளைத் தொப்பிகள், நான்கு கால் வைத்த ஊன்றுகோல், மடித்து வைத்த சக்கர நாற்காலி. அடித்தட்டில் சுவரிலிருந்து கழற்றிய படங்கள். எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைக்காரக் கிழவி. ஒன்றில் பேரப்பிள்ளைகளோடு, ஒன்றில் கப்பல் தளத்தில். யாரோ ஒருத்தி வீட்டுக்குள் நாங்கள் புகுந்து உட்கார்ந்திருக்கிறோம். எந்த நிமிஷமும் போலீஸ் வரலாம். மொழி தெரியாத ஊரில் என்னவென்று சொல்வது? மாமா எங்கே? அந்தக் கிழவி எங்கே? அலமாரியை மூடிவிட்டு, வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் எரிமலை பார்க்கப் போவதாக ஏற்பாடு. சிவப்புப் பொட்டல் வழியாக மேலே ஏறியதும் குளிர் எலும்பைத் தொட்டது. கருங்குழம்பு உறைந்து கிடந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தோம். செஞ்சியில் பிறந்தவளுக்குக் கல் புதிதில்லை; ஆனால் இந்தக் கல் நேற்றுத்தான் ஓடி நின்றதுபோல இருந்தது. வீட்டுக்காரர் போட்டோ எடுக்கத் தள்ளிப் போனார். நானும் அக்காவும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அவள் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, அது யாரு வூடு?” என்றேன்.

அவள் டீயை ஊற்றி முடித்து, மூடியைத் திருகிவிட்டுத்தான் பேசினாள். “அலமாரியத் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“நான் பாத்துக்கற அம்மாவோட வூடு. பேத்தி கல்யாணத்துக்கு பிரான்சு போயிருக்காங்க. தங்கச்சி வரான்னு சொன்னேன், வூட்டு சாவியும் கார் சாவியும் குடுத்துட்டுப் போனாங்க.”

பக்கத்திலேயே வேலை என்று போனில் அவள் சொன்னது அந்தக் கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும் அந்தம்மா எப்போது திரும்புவார் என்றுதான். மாமா? அவரை விட்டுப் பிரிந்து வருஷங்களாகிவிட்டது. அடித்தாரா என்றேன். இல்லை. வேறு பெண்ணா? இல்லை என்றாள். நான் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

“ஒரே வூட்ல ரெண்டு பேரும் லாட்ஜ்ல தங்கறாப்ல இருந்தோம்டி. அவரும் கெட்டவரு இல்ல. நான்தான் போறேன்னு சொன்னேன். நைனாகிட்ட சொன்னா பொட்டிய கட்டிக்கினு வான்னுவாரு. எனக்கு இங்கதான் இருக்கப் புடிச்சிருக்கு.”

அப்போதும் எனக்கு ஆறவில்லை. அந்தம்மாவைக் காட்டு என்றேன். கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் வீடியோ காலில் கூப்பிட்டாள். திரை முழுக்கக் கிழவியின் முகம். அலமாரியில் பார்த்த அதே முகம்தான். பெரிய சிரிப்போடு கடகடவென்று பேசினார். நல்லா சாப்பிடுங்கள், தோட்டத்து எலுமிச்சையைப் பறித்துக்கொள்ளுங்கள் என்கிறார் என்றாள் அக்கா. அத்தனை நீளப் பேச்சுக்கு இவ்வளவுதான் அர்த்தமா என்று மனசு முரண்டு பிடித்தது. இருந்தாலும், போலீஸ் வராது என்பது மட்டும் உறுதியானது.

உன் சொந்த வீட்டுக்குக் கூட்டிப்போ என்றேன். மீதி நாட்களை அங்கேதான் கழித்தோம். ஊருக்குள், சலவைக்கடைக்கு மேல் மாடி. ஒரு அறை, ஒரு அடுக்களை. மூன்று பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. அங்கே அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி உப்பு டப்பாவை எடுத்தாள். சாமி படத்துக்கு முன்னால் செம்பருத்தி இருந்தது. கீழே சலவைக்கடைக்காரி குரல் கொடுத்தால் ஜன்னலில் நின்றபடியே ஏதோ சொல்லி, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முதல்முறையாகப் பயமில்லாமல் தூங்கினேன்.

கதவுக்குப் பின்னால் இரண்டு ஹெல்மெட் தொங்கின. அக்காவிடம் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. இன்னொரு ஹெல்மெட் பெரியது. கேட்டேன். வீட்டு ஓனருடையது, வாடகை கேட்க வந்தபோது மறந்துவிட்டுப் போனார் என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் வீட்டு ஓனர் கீழே சலவைக்கடை நடத்தும் அந்தப் பெண்ணேதான் என்பதைக் கிளம்புகிற அன்று தெரிந்துகொண்டேன்.

செஞ்சிக்கு வந்ததும் நைனா போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். மாப்பிள்ளை ஒன்றில்கூட இல்லையே என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை என்றேன். அது பொய்யில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வளையல் பெட்டிகளைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஆடி பிறந்ததும் அக்காவே போனில் அவரிடம் சொல்லிவிட்டாள். நான் கடைக்குப் போனபோது அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கோபிப்பார் என்று பயந்திருந்தேன். “அங்கியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்,” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் பெரிய மாப்பிள்ளையை விசாரித்தால் நைனா தயங்குவதே இல்லை. ஒரு நாள் அவர் பாரிசில் இருக்கிறார், இன்னொரு நாள் கப்பலில் ஆபீசர், போன வாரம் கனடா. எதிர்க்கடைக்காரர் மட்டும் கணக்குப் பிள்ளைபோல எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்குகிறார்.