குட்டிக் கான் கடித்த ரொட்டி

பெர்கானா அரண்மனையில் ரொட்டி சுட்ட மஸ்தூரா கெட்டவள் இல்லை. மரியாதைக்கு ஏங்குகிறவள், அவ்வளவுதான். அந்த ஏக்கம்தான் அவளைக் கெடுத்தது.

அந்நாட்டு அரசரான கான் போரில் செத்தபோது மகன் அல்தின்பெக்குக்குப் பால்பல்கூட விழவில்லை. வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்துத் தூக்கி அவனைக் கானாக்கினார்கள். தூக்கிய பிரபுக்கள் அன்றைக்கே முட்டிக்கொண்டார்கள். பையன் யார் கைக்குள் இருக்கிறானோ அவர் வைத்ததுதானே சட்டம்! அமைச்சர் நியாஸ் அவனை அரண்மனைக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தார். தளபதி எர்கெஷுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் பையன் வாசலைத் தாண்டவே மாட்டான். அந்த ஊர் வழக்கப்படி பயணம் கிளம்புகிறவர் புது ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் போவார். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவரே தின்ன வேண்டும். செத்துப்போன கான் அவசரத்தில் கடிக்காமல் கிளம்பியிருந்தார்.

"அப்பா கடிக்காமப் போனாரு, அதான் வரல. மஸ்தூரா அத்தை ரொட்டி குடுத்தாத்தான் நான் வெளிய வருவேன்" என்று பையன் ஒரே பிடிவாதம்.

எர்கெஷ் இதை மோப்பம் பிடித்து மஸ்தூராவை விருந்துக்கு அழைத்தார். வாசலுக்கு நேர் எதிரே, பெரிய மனிதர்களின் இடத்தில், இந்த அடுப்படிக்காரியை உட்காரவைத்தார். அவர் மனைவி தன் கையாலேயே பட்டு அங்கி போர்த்திவிட்டாள். மஸ்தூராவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, பையன் உள்ளயே கெடந்து வெளுத்துப் போயிட்டான். வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஒரு ரொட்டி குடுங்க, போதும்."

"திரும்பக் கொண்டாந்து விட்ருவீங்கல்ல?"

எர்கெஷ் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் முன்னால் தள்ளிவைத்தார். பையன் திரும்ப வரமாட்டான் என்று மஸ்தூராவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் தின்றாள். சீ, என்ன பிறவியோ!

வெள்ளிக்கிழமை நியாஸ் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ரொட்டியை நீட்டினாள். பையன் ஆசையாகக் கடித்தான்.

"அத்தை, மிச்சத்த யாருக்கும் குடுத்துடாதே."

"நீ வந்து திங்கிற வரைக்கும் அங்கயேதான்டா கண்ணு இருக்கும்."

சொல்லும்போது அவளுக்கு நாக்கு குழறவில்லை. பின்னாளில் அதை நினைத்துத்தான் அதிகம் கூசினாள்.

பையன் எர்கெஷின் கோட்டைக்குப் போனவன் போனவன்தான். நியாஸைத் துரத்திவிட்டு எர்கெஷ் ஆளத் தொடங்கினார். பட்டு அங்கி பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துப் போட மஸ்தூராவுக்கு உடம்பு எரிந்தது. ஒருநாள் கோட்டையிலிருந்து ஆள் வந்தான்.

"பையன் சாப்பாட்டத் தொட மாட்டேங்கிறான். யார நம்புறதுன்னு கேக்குறான். நீங்கதான் வந்து ஊட்டணுமாம்."

போய்க் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். சொன்னால் அவனுக்கு யார் மேலும் நம்பிக்கை இருக்காதே என்று ஒரு சாக்கும் கூடவே வந்தது. அறைக்குள் நுழைந்ததும் அவன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். துரும்பாக இளைத்திருந்தான். அவள் குலுங்கி அழுதாள்.

"அழாதே அத்தை. உன்னையும் ஏமாத்திட்டாங்களா?"

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிட ஒரு தடையும் இல்லை.

"ஆமாண்டா கண்ணு. என்னையும் ஏமாத்திட்டாங்க."

பையன் தன் சட்டைக் கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். பிறகு அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தான்.