சவரிராயன் வெட்டிய ஏழாவது கண்டம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளியில் தினமும் ஏழு கண்டங்களையும் தோளில் சுமந்து மாடி ஏறியவர் பியூன் சவரிராயன். பூகோள வகுப்புக்கு உலக மேப்பைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டுவது அவர் வேலை. பூகோள வாத்தியார் ரெங்கராஜ், பாவம், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவதற்குள்ளேயே களைத்துவிடுவார். நாற்காலியில் சாய்ந்தபடி, "பெரிய கண்டம் ஆசியா. காட்டுய்யா சவரி" என்பார். குச்சி ஆசியாவில் நிற்கும். "சின்னது ஆஸ்திரேலியா." குச்சி தாவும். "ஆப்பிரிக்கா நடுவுல பூமத்திய ரேகை." அங்கேயும் தப்பாமல் போகும். வாத்தியார் புத்தகத்தைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. சுவரில் உலகமே தொங்கும்போது புத்தகம் எதற்காம்?

ஐம்பத்திரண்டாம் வருஷத்து மழையில் மேப்பின் அடிப்பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது. மேப் அறைச் சாவி சவரிராயன் இடுப்பில். சொன்னால் வேலை போய்விடும் என்று நடுங்கிப்போனார். அரித்ததைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, கீழ்க்கட்டையை மேலே ஏற்றி ஆணி அடித்தார். போனது அண்டார்டிகா. முழுக்கப் பனி, குடியிருக்க ஒரு ஜனம் கிடையாது, யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் மனசு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், "ஒரு கண்டத்தையே வெட்டிட்டேன் சாமி" என்று அழுதார். சாமியார் பரிகாரமாக, மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். கெட்ட வார்த்தை பேசினாலும் அதே மூன்றுதான்.

மறுநாள் வாத்தியார் நாற்காலியிலிருந்தே எண்ணினார். ஆறு வந்தது. அதன்பின் எட்டு வருஷம் அந்தப் பள்ளியில் உலகத்துக்குக் கண்டங்கள் ஆறுதான்.

அறுபதில் அட்டெண்டர் வேலை காலியானது. எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டும். சவரிராயன் ஏழோடு நின்றவர். "மணியடிச்சது போதுங்க, எழுதிப் பாருங்க" என்று மனைவி அற்புதம்மாள் தள்ளிவிட, நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்கு உட்கார்ந்தார்.

'உலகப் படத்தில் கண்டங்களைக் குறிக்கவும்' என்று கேள்வி. அச்சடித்த படத்தின் அடியில் அண்டார்டிகா நீளமாகப் படுத்திருந்தது. அவர் பேனாவை அதன்மேல் கொண்டுபோய், மறுபடி எடுத்துக்கொண்டார். எழுதினால், உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேள்வி வரும். விட்டால் மார்க்கும் போகும், அட்டெண்டர் வேலையும் போகும். கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு எழுதிவிட்டார். அந்தப் பள்ளிப் பையன்களோ அதைப் படத்தின் பார்டர் என்று நினைத்து, அழகாகக் கோடு போட்டு நிரப்பியிருந்தார்கள்.

ரிசல்ட்டோடு பரீட்சை ஆபீஸிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. ஹெட்மாஸ்டர் ரெங்கராஜையும் சவரிராயனையும் கூப்பிட்டார்.

"முப்பத்தெட்டுப் பையன்களுக்கும் ஆறு கண்டம். நம்ம பியூனுக்கு மட்டும் ஏழாம்!"

"நான் ஏழுன்னுதான் சார் சொல்லிக்குடுத்தேன்" என்றார் ரெங்கராஜ், கூசாமல்.

மேப்பை விரித்தார்கள். ஹெட்மாஸ்டர் அடியிலிருந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தார்.

"நான்தான் சார் வெட்டினேன்" என்றார் சவரிராயன். "கரையான் அரிச்சிருச்சு. ஐம்பத்திரண்டுல."

"ஐம்பத்திரண்டுலயா!" ஹெட்மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் 'மேப் நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டவர் அவரல்லவா? "போன வாரம் அரிச்சதுன்னு எழுதிருங்க" என்றார்.

சவரிராயன் அட்டெண்டர் ஆனார். புது மேப் மட்டும் வந்தபாடில்லை. அடுத்த பூகோள வகுப்பில் ரெங்கராஜ் சாக்பீஸை நீட்டி, பையன்கள் காதில் விழாமல் சொன்னார்: "அட்டெண்டர் சார், கொஞ்சம் இப்படி வாங்க. அந்த ஏழாவது எப்படி இருக்கும்னு போட்டுக் காட்டுங்க. நான் சரியாப் பார்த்ததில்ல."

மேப்புக்குக் கீழே சுவரில், வெட்டிய இடத்திலிருந்தே சவரிராயன் கோட்டைத் தொடங்கினார். கண் நிறைந்து கோடு கொஞ்சம் கோணியது. அவர் வரைந்து முடிக்கும்வரை, குச்சியைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் நின்றார்.